புன்ரோத் என்று இங்கே யாரும் இல்லை

பௌத்த ஆண்டு இரண்டாயிரத்து ஐந்நூற்று ஐம்பத்தாறு. நாற்று நடவு பாதி முடிந்திருந்த மழைக்காலம். நோங் ஹின்லாய் ஊரின் சுகாதார நிலையத்துக்கு மாற்றலாகி வந்திருந்த செவிலியர் லம்துவான், அவ்வூர்ப் பெண்களுக்குக் கருப்பைவாய்ப் பரிசோதனை நடத்திய முதல் நாளன்றுதான் தவளையக்காவை முதன்முதலாகப் பார்த்தார். வரிசையில் பன்னிரண்டு பெண்கள் அமர்ந்திருந்தார்கள். பதினொரு பேர் வெட்கத்தால் தரையைப் பார்த்துக்கொண்டிருக்க, பன்னிரண்டாமவர் மட்டும் சுவரில் தொங்கிய நாட்காட்டியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மா, இந்த வருஷம் முடிஞ்சதும் அந்தக் காலண்டர் யாருக்கு?"

"முதல்ல கட்டில்ல படுங்கக்கா."

"படுக்கிறேன். யாருக்குன்னு சொல்லுங்க, படுக்கிறேன்."

நாட்காட்டி அவருக்கே என்று முடிவான பிறகுதான் அவர் படுத்தார். சுகாதார நிலையத்துக்கு வந்தால் ஏதேனும் ஒன்றைக் கேட்காமல் திரும்பிப் போவதில்லை என்பது அவருடைய கொள்கை என்பதை லம்துவான் பின்னர் அறிந்துகொண்டார்.

தவளையக்காவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. முச்சந்தியில் தகரக் கூரை போட்ட கடையில் பப்பாளிக்காயை உரலில் இடித்து விற்பவர். காலை பத்து மணிக்குத் தொடங்கும் அந்த உலக்கையின் 'டொக் டொக்' ஒலியைக் கேட்டுத்தான் ஊரில் பலர் மணி பார்ப்பார்கள். அழகான பெயர் வைத்தால் பேய்கள் ஆசைப்பட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று அஞ்சிய பெற்றோர், பிறந்த அன்றே அவருக்குத் தவளை என்று பெயரிட்டார்கள். அந்த அச்சம் அவர்களுக்கு மட்டும் உரியதன்று. ஊர்த் தலைவரின் பெயர் யானை; சுகாதாரத் தொண்டரின் பெயர் வாத்து; தவளையக்காவின் கணவர் கெளுத்தி. அரசாங்கம் கேட்கும் பெயர் ஒவ்வொருவருக்கும் வேறாக இருந்தது. அது அடையாள அட்டையிலேயே குடியிருந்தது. பரிசோதனைப் படிவத்தை நிரப்பும்போது தவளையக்காவும் அட்டையை எடுத்து, கண்ணுக்கு எட்டத்தில் பிடித்துப் படித்துத்தான் சொன்னார்:

"புன்ரோத்துன்னு போட்டிருக்கு டாக்டரம்மா."

இரண்டு மாதங்கள் கழித்து, மாகாண ஆய்வகத்திலிருந்து முடிவுகள் வந்தன. பதினொன்று இயல்பானவை. பன்னிரண்டாவது சீட்டில், நாற்பத்தேழாம் எண் வீட்டில் வசிக்கும் திருமதி புன்ரோத்தின் கருப்பைவாய்ச் செல்களில் கடுமையான மாற்றம் தென்படுகிறது என்று எழுதியிருந்தது.

அது புற்றுநோய் அன்று. ஆனால் அப்படியே விட்டுவைத்தால் சில ஆண்டுகளில் புற்றுநோயாகக் கூடியது. மாகாண மருத்துவமனையில் உருப்பெருக்கிக் கருவியால் பார்த்து, மாறிய சிறு பகுதியை எடுத்துவிட்டால் பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும். இதை லம்துவான் நன்கு அறிவார். இன்னொன்றையும் அறிவார். முன்பு வேலை பார்த்த ஊரில் இதே போன்ற சீட்டு ஒன்று வந்தபோது, அவர் கடிதத்தை அஞ்சலில் சேர்த்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அந்தப் பெண் இரண்டரை ஆண்டுகளுக்குப் பிறகு தானாகவே வந்தார். அதற்குள் வந்து பயனில்லாமல் போயிருந்தது. ஆகவே இந்த முறை கடிதத்தையும் அனுப்பினார். அதன் பின்னாலேயே தானும் போவது என்று முடிவு செய்தார்.

கடிதம் நான்கே நாட்களில், 'பெறுநர் அறியப்படவில்லை' என்ற முத்திரையுடன் திரும்பி வந்தது.

லம்துவான் வாத்தை அழைத்துக்கொண்டு புறப்பட்டார். வீட்டு எண்கள் கட்டப்பட்ட வரிசைப்படி அமைந்தவை. அதனால் நாற்பத்தாறுக்கு அடுத்த வீடு நூற்றுப் பன்னிரண்டாகவும் அதற்கு அடுத்தது ஒன்பதாகவும் இருந்தன. ஒருவழியாக நாற்பத்தேழைக் கண்டுபிடித்தபோது, தூண்கள்மேல் உயர்ந்து நின்ற அந்த வீட்டுக்கு அடியில் ஒருவர் மீன் கூடை பின்னிக்கொண்டிருந்தார்.

"இது நம்ம கெளுத்தி மாமா வீடாச்சே!" என்றார் வாத்து. "மாமா, இங்க புன்ரோத்துன்னு யாராவது இருக்காங்களா?"

கெளுத்தி மூங்கில் சீவலை வாயில் கடித்தபடி யோசித்தார். "இல்லியே."

"நல்லா நெனச்சுப் பார்த்துச் சொல்லுங்க மாமா" என்றார் லம்துவான். "பொம்பளப் பேரு."

"எங்கூட்டுல நானு, தவள, ரெண்டு நாயி. ஒரு நாய் பேரு கறுப்பன். இன்னொண்ணுக்கு இன்னும் பேரு வைக்கல. வேணும்னா அதுக்கு வச்சுக்குங்க."

"தவளை அக்காவோட அட்டையில என்ன பேரு மாமா?" என்று கேட்டார் வாத்து.

"அது எனக்கெப்படித் தெரியும்? கல்யாணம் ஆகி முப்பது வருஷந்தானே ஆச்சு."

படிவத்தில் வீட்டு எண்ணே தவறாக இருக்கலாம் என்று எண்ணி, வேறு வழி தெரியாமல், புன்ரோத் என்பவர் சுகாதார நிலையத்துக்கு வர வேண்டும் என்று மட்டும் ஒலிபெருக்கியில் அறிவிக்கும்படி லம்துவான் ஊர்த் தலைவரைக் கேட்டுக்கொண்டார். அந்த ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று இரண்டு முறை வற்புறுத்தினார். ஆனால் யானைத் தலைவர் எதையும் அரைகுறையாகச் செய்பவர் அல்லர். விவரம் வேண்டுமென்று வாத்தைக் கேட்டார். வாத்தும் விவரமாகச் சொல்லிவிட்டார். மறுநாள் காலை ஆறு மணிக்கு, ஊரின் எட்டுக் கம்பங்களிலிருந்தும் அவருடைய குரல் ஒலித்தது:

"அன்பான நோங் ஹின்லாய் மக்களே! உரம் வேணுங்கிறவங்க பேர் கொடுங்க. ரெண்டாவது, புன்ரோத் அம்மாவுக்குப் பரிசோதன முடிவு சரியில்லையாம். கர்ப்பப்பை வாயில என்னமோ மாறியிருக்காம். பயப்பட வேணாம்னு டாக்டரம்மா சொல்றாங்க. ஆனா ஒடனே ஓடியாரச் சொல்றாங்க. மூணாவது, கோயிலுக்குப் பின்னாடி காணாமப் போன எரும கெடச்சிருச்சு. நல்லாருக்கு."

பல் விளக்கி வாய் கொப்பளித்துக்கொண்டிருந்த லம்துவான் நீரை அப்படியே விழுங்கிவிட்டார்.

அன்று காலை ஊரில் இருந்த பெண்கள் அனைவரும் தத்தம் அடையாள அட்டையைத் தேடியெடுத்து, தாம் புன்ரோத் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே அடுப்பு மூட்டினார்கள். ஒரே ஒரு வீட்டில் மட்டும் அட்டை வேறுவிதமாகச் சொல்லியது. அன்று பத்து மணிக்கு முச்சந்தியில் உலக்கைச் சத்தம் கேட்கவில்லை. பதினொரு மணிக்கும் கேட்கவில்லை. அதைக் கவனித்த பிறகுதான் லம்துவானுக்கு நாட்காட்டி கேட்ட அந்தப் பப்பாளிக் கடைக்காரரின் முகமும், அவர் அட்டையை எட்டப் பிடித்துப் படித்த பெயரும் நினைவுக்கு வந்தன.

மறுநாள் கடை திறந்திருந்தது. தவளையக்கா வழக்கத்தைவிட உற்சாகமாக இடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க டாக்டரம்மா! எத்தன மொளகா?"

"ரெண்டு. அக்கா, நீங்கதானே புன்ரோத்?"

தவளையக்கா உலக்கையை நிறுத்தினார். கையைத் துடைத்துக்கொண்டு, மீன் ஊறல் ஜாடிக்குப் பின்னாலிருந்து ஒரு நெகிழி உறையை எடுத்தார். அதனுள் அரசாங்கத்தின் கருட முத்திரை பதித்த காகிதம் ஒன்று இருந்தது. முந்தைய நாள் தேதியிட்டு மாவட்ட அலுவலர் கையொப்பமிட்டிருந்தார்.

"படிச்சுப் பாருங்க. என் பேரு கனோக்பன். புன்ரோத்துன்னு இங்க யாரும் இல்ல."

"நேத்து வரைக்கும் இருந்தாங்களே அக்கா."

"நேத்து வரைக்கும் இருந்தா. பாவம், அவளுக்கு ஒடம்பு சரியில்ல." அவர் தக்காளியை நறுக்கி உரலில் போட்டார். "வெள்ளிக்கெழம பொறந்தவளுக்கு அந்தப் பேரே ஆகாதுன்னு நம்ம கோயில் பெரிய பிக்கு சொல்லிட்டாரு. இத்தன நாளா அது எனக்குத் தெரியாமப் போச்சு பாருங்க."

"அட்டையில பதிமூணு எண் இருக்குல்ல, அது மாறலையே? பேரு எதுவா இருந்தாலும் அந்த எண் நீங்கதான்."

"டாக்டரம்மா, நோய் பேரக் கேட்டுட்டுத்தான் வரும். பதிமூணு எண்ண எந்தப் பேய் மனப்பாடம் பண்ணும்? எனக்கே மனப்பாடம் இல்ல."

லம்துவான் அங்கேயே அமர்ந்து, பப்பாளியைத் தின்றபடி, எல்லாவற்றையும் எளிய சொற்களில் விளக்கினார். இது புற்றுநோய் அன்று, இப்போது போனால் சிறிய வேலை, தள்ளிப்போட்டால் பெரிய துன்பம் என்றார். தவளையக்கா ஒவ்வொரு சொல்லுக்கும் அக்கறையோடு தலையாட்டினார். இறுதியில், "கேக்கவே மனசுக்குக் கஷ்டமா இருக்கு. புன்ரோத்து இதையெல்லாம் கேட்டிருக்கணும்" என்றார்.

அந்தப் பக்கமாகப் போவது வழக்கமாகிவிட்டது. லம்துவானுக்கு இரண்டு மிளகாய் பழகி நான்கு மிளகாய் ஆயிற்று. மூன்று மாதங்கள் சொல்லிப் பார்த்து அலுத்தபின், நேர்வழி அடைபட்டதை உணர்ந்து, அவர் பக்கவழி ஒன்றைப் பிடித்தார்.

"சரிக்கா. புன்ரோத்த விடுங்க. கனோக்பன் அம்மாவுக்கு இன்னும் பரிசோதனையே ஆகல. ஐம்பது வயசுக்கு மேல ஆன பொம்பள, ஒருதடவகூடப் பார்க்காம இருக்கலாமா?"

இந்த வாதத்தில் தவளையக்காவால் குறையொன்றும் காண இயலவில்லை. புதிய பெயர் நல்லதா என்று சோதித்துப் பார்க்கவும் அவருக்கு ஆசை இருந்தது. குளிர்காலத்தில் ஒருநாள் வந்து, அமைதியாகப் படுத்து, எழுந்து, மிளகாய்த்தூள் போட்டு வைக்க இரண்டு காலி மருந்துப் புட்டிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

கனோக்பனின் முடிவும் அதையே சொல்லியது.

லம்துவான் இந்த முறை ஒலிபெருக்கிப் பக்கமே போகவில்லை. சீட்டை மடித்து எடுத்துக்கொண்டு தானே சென்று, கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கொடுத்தார். தவளையக்கா அதை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இவளும் நோயாளிதானா?" என்று வருத்தத்தோடு கேட்டார். மறுநாள் காலைப் பேருந்தில் மாவட்ட அலுவலகத்துக்குப் போய் நத்திதாவாகத் திரும்பி வந்தார். பெயர் மாற்றும் எழுத்தர் அதற்குள் அவருக்குப் பழக்கமாகியிருந்தார்; "அடுத்த மாசமும் வருவீங்களாம்மா?" என்று விசாரித்தாராம்.

இதற்கிடையே தொண்டர் வாத்தின் பதிவேட்டில் வேறொரு சிக்கல் முளைத்தது. வாத்து நேர்மையானவர். தாளில் உள்ளதைத் தாளில் உள்ளவாறே எழுதுபவர். அவருடைய பதிவேட்டின்படி, நாற்பத்தேழாம் எண் வீட்டில் மூன்று பெண்கள் வசித்தார்கள். இருவருக்கு முடிவு இயல்பற்றது; இருவரும் தொடர்சிகிச்சைக்கு வரவில்லை. மூன்றாமவர் இதுவரை பரிசோதனையே செய்துகொள்ளவில்லை.

"மூணும் ஒரே ஆள்தானே வாத்து!" என்றார் லம்துவான்.

"அது எனக்குத் தெரியும் டாக்டரம்மா. தாளுக்குத் தெரியணுமே? பேரு வேற வேறயா இருக்கு. நான் எப்பிடி ஒண்ணா எழுதுறது? நாளைக்கு யாராவது கேட்டா?"

யாராவது கேட்டார்கள். மாகாண அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி தொலைபேசியில் அழைத்தார்.

"நாற்பத்தேழாம் வீட்டுல என்ன நடக்குது? கெளுத்திங்கிறவருக்கு மூணு சம்சாரமா?"

"ஒரே சம்சாரம்தான் சார். மூணு பேரு."

"மூணு பேருன்னுதானேம்மா நானும் சொல்றேன்! அதுல ரெண்டு பேரக் காணோம். ஒண்ணு ஆஸ்பத்திரிக்குப் போன சீட்ட அனுப்புங்க. இல்ல, செத்துட்டாங்கன்னா இறப்புச் சான்று அனுப்புங்க. காணாமப் போறதுக்கு இந்தப் படிவத்துல கட்டமே கெடையாது."

இச்செய்தி எப்படியோ ஊருக்குள் பரவியது. நாற்பத்தேழு என்ற எண்ணை அந்த மாத லாட்டரியில் பாதி ஊர் வாங்கித் தோற்றது. கெளுத்தியைப் பார்த்து மூன்று மனைவிக்காரர் என்று ஆண்கள் பொறாமைப்பட்டார்கள். "மூணு பேர்ல யாரு மாமா நல்லா சமைப்பாங்க?" என்று கேட்டால், அவர் உண்மையாகவே சற்று யோசித்துவிட்டு, "நடுவுல வந்தவ" என்பார்.

தவளையக்கா மட்டும் சிரிக்கவில்லை. 'இறப்புச் சான்று' என்ற சொல் அவருக்குப் பிடித்துப்போயிருந்தது.

பிக்குகளின் மழைக்கால நோன்பு முடிந்த பின் ஒருநாள் அவரே சுகாதார நிலையத்துக்கு வந்தார். முதல் சீட்டு வந்து ஏறத்தாழ ஓராண்டு ஆகியிருந்தது. லம்துவான் அந்த மாதங்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மா, ஒங்க கஷ்டம் தீரப் போவுது. புன்ரோத்துக்கும் கனோக்பனுக்கும் சாவு எடுத்துரப் போறேன்."

பக்கத்து மாவட்டத்துக் கோயிலில் அதற்கு வசதி இருந்தது. கெட்ட காலம் பிடித்தவர்கள் அங்கே போய்ச் சவப்பெட்டியில் படுப்பார்கள். மேற்கே தலைவைத்துப் படுத்தால், பிக்குகள் இறந்தவருக்கு ஓதுவதை ஓதுவார்கள். பிறகு கிழக்கே தலை மாற்றிப் படுத்து, பிறப்புக்கு உரியதைக் கேட்டு, எழுந்து வந்தால் பழைய ஆள் போய்விட்டதாகவும் புதிய ஆள் பிறந்துவிட்டதாகவும் பொருள்.

"நீங்களும் வரணும்" என்றார் தவளையக்கா. "சாட்சிக்கு."

லம்துவான் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். வாத்தும் பதிவேட்டை எடுத்துக்கொண்டு உடன் வந்தார்.

கோயிலில் கூட்டம் இருந்தது. வரிசைச் சீட்டுக் கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். தவளையக்காவையும் சேர்த்துப் பன்னிரண்டு பெண்கள். இங்கே எவரும் தரையைப் பார்க்கவில்லை; எல்லோரும் கலகலவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்த லம்துவானுக்குப் பொறுக்கவில்லை.

"சவப்பெட்டியில படுக்கப் பயமில்ல. என் கட்டில்ல படுக்கத்தான் பயமா?"

"சவப்பெட்டியில காலை விரிக்கச் சொல்றதில்லையே" என்றார் தவளையக்கா. அருகிலிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அவர் முறை வந்தது. தம்மோடு கொண்டுவந்த பையைத் திறந்து, புன்ரோத்தின் பழைய சட்டை ஒன்றையும், கனோக்பன் நான்கைந்து மாதமே உடுத்திய பாவாடை ஒன்றையும், இருவருடைய அடையாள அட்டைகளின் நகல்களையும் பெட்டிக்குள் அடுக்கினார். இறந்தவர்களின் உடைமைகள் அவர்களோடு போய்விட வேண்டும். ஏதேனும் ஒன்று தங்கினாலும் அதைத் தேடி அவர்கள் திரும்பி வருவார்கள். பெட்டிக்குப் பொறுப்பாளராக இருந்த முதியவர் அதில் கண்டிப்பானவர். வரும் ஒவ்வொருவரையும் அவர் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எல்லாச் சாமானும் வச்சாச்சா? பாக்கி ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்ல ஐயா" என்று சொல்லிப் படுத்தார் தவளையக்கா. கைகளைக் குவித்து, ஊதுவத்தியும் மலரும் பிடித்தார். வெள்ளைத் துணியை மேலே விரித்தார்கள். பிக்குகள் ஓதத் தொடங்கினார்கள்.

லம்துவான் இதைத் திட்டமிட்டு வரவில்லை. அவர் நின்ற இடத்திலிருந்து, துணிக்கு அடியில் மேலெழுந்து தாழும் அந்த வயிற்றைப் பார்த்தார். முந்தைய ஊர்ப் பெண்ணை இறுதியாக அவர் பார்த்ததும் இப்படிப்பட்ட துணிக்கு அடியில்தான். வாய் தானாகவே திறந்துகொண்டது.

"பாக்கி இருக்குங்க ஐயா!"

ஓதுதல் நின்றது.

"அவங்க ரெண்டு பேரோட சாமான் ஒண்ணு இன்னும் இவங்ககிட்டதான் இருக்கு" என்றார் லம்துவான். "விரல் நகம் அளவு சதை. புன்ரோத்தோட சீட்டுலயும் எழுதியிருக்கு, கனோக்பனோட சீட்டுலயும் எழுதியிருக்கு. அதை எடுத்துத் தராம அவங்கள எப்படி அனுப்பறது?"

"ஆமா, எழுதியிருக்கு" என்று வாத்து பதிவேட்டைத் திறந்து காட்டினார்.

வெள்ளைத் துணியோடு தவளையக்கா சடாரென எழுந்து உட்கார்ந்தார். வரிசையில் இருந்த பெண்கள் அலறிக்கொண்டு படிக்கட்டு வரை ஓடினார்கள்.

"டாக்டரம்மா! செத்தவளோட சண்டைக்கு வர்றீங்களா?"

"செத்தவங்க எதிர்த்துப் பேசக் கூடாது" என்று மூத்த பிக்கு வருத்தப்பட்டார். "இப்ப நான் எந்த இடத்துல இருந்து ஓதுறது?"

பெட்டிக்காரர் மட்டும் பதறவில்லை. பதிவேட்டை வாங்கி, மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு, இரண்டு வரிகளையும் நிதானமாகப் படித்தார்.

"அந்தம்மா சொல்றது சரிதான். சாமான் பாக்கி இருக்கு. இப்படி அனுப்பினா ரெண்டு பேரும் திரும்பி வருவாங்க. வந்து, எங்களுது எங்கன்னு கேப்பாங்க."

தவளையக்கா பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேருந்தான்."

"ஐயா, அவங்க ரெண்டு பேரும் என்ன மாதிரியே இருப்பாங்களே! கேட்டத வாங்காமப் போக மாட்டாங்களே! நான் எப்படிச் சமாளிப்பேன்?"

திரும்பும் பேருந்தில் லம்துவானுக்கு மனம் உறுத்தியது. பேயைக் காட்டிப் பயமுறுத்தி ஒருவரைச் சிகிச்சைக்கு அழைத்துப் போவது முறையன்று என்று அவருக்குத் தோன்றியது. ஆகவே, எடுக்கப்போவது என்ன, ஏன், எப்படி என்பதை முதலிலிருந்து மீண்டும் விளக்கத் தொடங்கினார். தவளையக்கா சன்னலுக்கு வெளியே பார்த்தபடி இடைமறித்தார்.

"எனக்குப் புரியாதுன்னு நெனச்சீங்களா? மொத நாளே புரிஞ்சிருச்சு. புரியாமயா பேர மாத்துனேன்? புரிஞ்சதாலதான் மாத்துனேன்."

அவரே தொடர்ந்தார்.

"எங்கம்மாவுக்கும் நோய் அங்கதான் வந்துச்சு. கடைசி வரைக்கும் அவங்க ஒரே பேர்லதான் இருந்தாங்க."

லம்துவான் தம் பையிலிருந்த வேகவைத்த நிலக்கடலையை எடுத்து நீட்டினார். தவளையக்கா ஒரு பிடி எடுத்துக்கொண்டு, மீதியையும் கேட்டார்.

அடுத்த வாரம் மாகாண மருத்துவமனைக்குப் போனார்கள். அங்கே பெண்கள் நிறைந்திருந்த கூடத்தில் எழுத்தர் உரக்க அழைத்தார்: "புன்ரோத்!" தவளையக்கா அசையவில்லை. "கனோக்பன்!" அவர் கூரையைப் பார்த்தார். "நத்திதா!" அந்தப் பெயர் இன்னும் அவருக்கே பழகியிருக்கவில்லை; யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று எண்ணிச் சுற்றுமுற்றும் பார்த்தார். பொறுமையிழந்த லம்துவான், "தவளையக்கா!" என்று கத்தினார். கூடத்தில் நான்கு பெண்கள் எழுந்தார்கள்.

மருத்துவர் இளம்பெண். உருப்பெருக்கியில் பார்த்து, சிறு துணுக்கு எடுத்து, ஆய்வுக்கு அனுப்பினார். மூன்று வாரங்களில் முடிவு வந்தது: புற்றுநோய்க்கு முந்தைய நிலை, இன்னும் தாண்டவில்லை. மின்கம்பி வளையத்தால் அந்தப் பகுதியை முழுவதுமாக எடுத்துவிட நாள் குறித்தார்கள். அன்று கட்டிலில் படுத்த தவளையக்கா கால்களை அகற்றி வைத்துக்கொண்டு, "பெட்டியே தேவலாம்" என்று முணுமுணுத்தார். கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது.

"அதக் குடுங்க" என்று கையை நீட்டினார் அவர்.

"எதம்மா?" என்றார் மருத்துவர்.

"அவங்களோட சாமான. கோயிலுக்குக் கொண்டுபோகணும்."

"அது ஆய்வகத்துக்குப் போகணும்மா. ஓரம் சுத்தமா இருக்கான்னு பார்க்கணும்."

"யார் பேருல போகும்?"

"உங்க பேருலதான். நத்திதா."

"அய்யய்யோ, அது அவளோடது இல்லம்மா! அந்தப் புள்ள இப்பத்தான் பொறந்திருக்கு. மத்த ரெண்டு பேரோட பேரையும் எழுதுங்க. சண்ட வராம ரெண்டு பேரையும் எழுதுங்க."

மருத்துவர் லம்துவானைப் பார்த்தார். லம்துவான் தரையைப் பார்த்தார். இறுதியில், அச்சிட்ட நத்திதாவுக்குக் கீழே, 'முன்பு புன்ரோத், கனோக்பன்' என்று மருத்துவர் தம் கையாலேயே எழுதினார். தவளையக்கா எழுத்து எழுத்தாகச் சரிபார்த்துவிட்டு, தமக்குப் போர்த்தியிருந்த பச்சைத் துணியைக் கொண்டுபோகலாமா என்று கேட்டார்.

ஓரம் சுத்தமாக இருந்தது. கோயிலில் விட்ட இடத்திலிருந்து மூத்த பிக்கு ஓதி முடித்தார். மாகாண அதிகாரிக்கு ஒரே சீட்டில் மூன்று பெயர்கள் போய்ச் சேர்ந்தன. அவர் அதை எந்தக் கட்டத்தில் நிரப்பினார் என்பது இன்றுவரை தெரியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், பின்னர் ஆண்டுக்கு ஒருமுறையும் நத்திதா பரிசோதனைக்கு வந்தார். ஒவ்வொரு முறையும் இயல்பு என்றே வந்தது. அதன் பிறகு அவர் பெயரை மாற்றவேயில்லை. மாவட்ட எழுத்தருக்கு அதில் சற்று வருத்தம் என்று கேள்வி.

இரண்டாயிரத்து ஐந்நூற்று அறுபத்தாறாம் ஆண்டு, புரட்டாசி முடியும் காலத்தில், லம்துவான் பணி ஓய்வு பெற்றார். கடைசி நாள் மாலை அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தபோது தவளையக்கா வந்தார். இடித்த பப்பாளியும் கூடை நிறையப் பசைச்சோறும் கொண்டுவந்திருந்தார். அறுபத்திரண்டு வயதாகியும் குரல் மட்டும் மழைக்குப் பிந்திய வயலின் இரைச்சல்போலவே இருந்தது.

"நாலு மொளகா போட்டிருக்கேன்."

"உக்காருங்கக்கா. இன்னிக்கு என்ன வேணும்? நாற்காலியா, மேசையா? எல்லாம் அரசாங்கத்தோடது, இப்பவே சொல்லிட்டேன்."

தவளையக்கா சுவரில் இருந்த நாட்காட்டியைக்கூடப் பார்க்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, வழக்கத்துக்கு மாறாகத் தாழ்ந்த குரலில் பேசினார்.

"ஒம்போது வருஷமா நத்திதாவுக்குச் சரியா இருக்குன்னு சீட்டு வருது. அவளுக்குத் தெரியும். கனோக்பனுக்கு நீங்க ரகசியமாத்தான் சொன்னீங்க, அவளும் போய்ச் சேர்ந்துட்டா. ஆனா புன்ரோத்துக்கு மட்டும், முடிவு சரியில்லன்னு எட்டுக் கம்பத்துலயும் ஊருக்கே கேக்குற மாதிரி சொன்னாங்க. சரியாயிருச்சுன்னு யாருமே சொல்லல. பாவம், அவ ரொம்பப் பயந்தாங்கொள்ளி டாக்டரம்மா. போன எடத்துலயும் பயந்துக்கிட்டே இருப்பா. யானைத் தலைவர்கிட்டச் சொல்லி, நாளைக்குக் காலையில மைக்குல ஒரே ஒரு தடவ சொல்லச் சொல்றீங்களா? புன்ரோத்து அம்மாவுக்கு எல்லாம் சரியாயிருச்சுன்னு மட்டும். எரும சமாச்சாரத்துக்கு முன்னாடி சொல்லணும்."